வாத்துக்கு ஐடி கார்டு

(எங்கள் ஊர்ப் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: மாணவருக்கு உலகத்தைக் காட்டுவது பள்ளிக்கூடமா, கைப்பேசியா? ‘பள்ளிக்கூடமே’ அணியில் மூன்றாவதாக நான் பேசியது.)

நடுவருக்கு வணக்கம். ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், வேறு வழியில்லை.

நான் ஒழுங்காகக் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். அதைக் கெடுத்தது சற்றுமுன் பேசிய எதிரணி அண்ணன். என்ன சொன்னார்? “பள்ளிக்கூடம் காட்டுகிற உலகம் எது தெரியுமா? பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிற உலக உருண்டை! அதில் இன்னும் சோவியத் யூனியன் இருக்கிறது!” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் சித்தப்பாவும் தட்டினார். சித்தப்பா, வீட்டுக்கு வாங்க, பேசிக்கொள்ளலாம்.

அண்ணன் சொன்னது உண்மைதான், நடுவர் அவர்களே. எங்கள் பள்ளி உருண்டையில் சோவியத் யூனியன் இருந்தது. ஒரு வகுப்பையே அடைக்கிற அளவுக்குப் பெரிதாக, ரோஸ் நிறத்தில் இருந்தது. அது மட்டுமா? யாரோ அடித்த கிரிக்கெட் பந்து பட்டு ஒரு பக்கம் நசுங்கியும் இருந்தது. ஆனால் அதை வைத்து எங்கள் சமூக அறிவியல் சார் என்ன செய்தார்? வெள்ளைத்தாளைச் சின்னச் சின்னதாக வெட்டி, பெயர் எழுதி, எங்களையே ஒட்டச் சொன்னார். 1991-ல் ஒன்று உடைந்து பதினைந்து நாடானது. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான். ‘தான்’ என்று முடிகிற நாடே அதில் ஐந்து. ‘தான் தான்’ என்று பேசுகிறவர் அந்தப் பக்கம் ஒருவர்.

கைப்பேசியில் வரைபடம் தானாக மாறிக்கொள்ளும் அண்ணே. ராத்திரி தூங்கி எழுந்தால் புது எல்லை வந்திருக்கும். ஒரு நாடு உடைந்ததே நமக்குத் தெரியாது. நான் எச்சில் தொட்டு ஒட்டினவன். எனக்குத் தெரியும்.

சரி, வாத்துக்கு வருவோம்.

எங்கள் பள்ளியில் தேசிய பசுமைப் படை இருந்தது. பெயரைக் கேட்டு ராணுவம் என்று நினைத்துவிடாதீர்கள், மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற படை. எட்டாம் வகுப்பில், ஒரு தை மாதம், எங்களைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனார்கள். இங்கே பாதிப் பேருக்கு அது பக்கத்து ஊர், எத்தனை பேர் கரையேறிப் பார்த்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரை கூடு கட்டியிருக்கும். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். நாங்கள் நாற்பது பேர் போய் இறங்கிச் சத்தம் போட்டதில் தீபாவளியே வந்துவிட்டது, அது வேறு கதை.

குளத்துக் கரையில் சாரிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். ஆளுக்குப் பத்து எண்ணும் வரை பார்க்கலாம். என் முறை வந்தது. தலையில் ரெண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்து, கூட்டமாக மேய்கிறது. அதில் ஒன்றின் கழுத்தில் பட்டை. பட்டையில் எழுத்து. நான் கத்தினேன்: “சார், சார்! வாத்து ஐடி கார்டு போட்ருக்கு சார்!”

சார் திரும்பி என் கழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏலே, வாத்து போட்ருக்கு. நீ எங்கல?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். பைனாகுலர் எனக்குப் பின்னால் நின்றவனிடம் போய்விட்டது. அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என் பெயர் வாத்து. வருகைப் பதிவில் மட்டும்தான் வேறு பெயர்.

கதை அதோடு முடியவில்லை. சார் அந்த எழுத்தைக் குறித்துக்கொண்டார். பறவை ஆராய்ச்சி செய்கிறவர்களைத் தேடி, தலைமையாசிரியர் அறைக் கணினியிலிருந்து எழுதிப் போட்டார். எதிரணியில் ஒருவர் கை தூக்குகிறார், தெரிகிறது. “மின்னஞ்சல் அனுப்பியது தொழில்நுட்பம்தானே?” அதானே? அண்ணே, லவ் லெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தது தபால்காரர் என்பதற்காகத் தபால்காரரையா கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள்?

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த வாத்துக்குப் பட்டை கட்டியது மங்கோலியாவில்! கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர். நடுவில் இமயமலை. 7,000 மீட்டருக்கு மேலே, காற்றில் பாதி ஆக்சிஜன்கூட இல்லாத உயரத்தில் இந்த வகை வாத்து பறந்ததைக் கருவி வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சார் சொன்னார். அவ்வளவு தூரம் பறந்து வந்தது எங்கே? எங்கள் வயக்காட்டில் புல் மேய. நாங்கள் பசங்க எல்லோரும் ஓடிப்போய் உருண்டையை இறக்கி மங்கோலியாவைத் தேடினோம். கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? பந்து பட்டு நசுங்கின இடம் அதுதான்! நாடே பள்ளத்துக்குள் கிடந்தது. சார் உருண்டையின் அடி ஓட்டை வழியாக ஒரு குச்சியை விட்டு உள்ளேயிருந்து நெம்பி நெம்பி மங்கோலியாவை வெளியே எடுத்தார். ‘டப்’ என்று வந்தது. ஒரு நாடு வெளியே வந்த சத்தத்தை நான் காதால் கேட்டிருக்கிறேன், நடுவர் அவர்களே. அண்ணன் கைப்பேசியில் கேட்டிருப்பாரா?

கைப்பேசி எனக்குப் பிடித்ததைத்தான் காட்டும். நான் மங்கோலியாவைக் கேட்டதே இல்லை, கேட்காததை அது எப்படித் தரும்? ஜூனியர் ரெட் கிராஸில் நான் சேர்ந்தது முகாமில் கொடுக்கிற பிஸ்கட்டுக்காக. அங்கே போய்த்தான் 1859-ல் சோல்ஃபெரினோ என்ற இடத்தில் நடந்த போரும், எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் காயம் கட்டி, பிறகு ரெட் கிராஸ் பிறக்கக் காரணமான ஆன்றி டுனான்ட்டும் தெரிந்தார்கள். பிஸ்கட் தீர்ந்துவிட்டது, அந்த மனிதரை நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இது வாதமா என்று எனக்கே தெரியவில்லை.

என் அப்பா குவைத்தில் டிரைவர். சின்ன வயசில் எனக்கு ‘வெளிநாடு’ என்பது ஒரே ஊர். அப்பா அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். என் ஆச்சிக்கும் அதே கணக்கு. தினமும் ராத்திரி எட்டரைக்குத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, “எம்புள்ளையும் இந்நேரம் சாப்பிட உக்காந்திருப்பான்” என்று சொல்லித்தான் முதல் வாய் வைப்பாள்.

ஒருநாள் வகுப்பை இருட்டாக்கி, சார் டார்ச் அடித்து உருண்டையைச் சுற்றிக் காட்டினார். 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம். நான் வீட்டுக்கு வந்து பெரிய மேதை மாதிரி, “ஆச்சி, அப்பாவுக்கு இப்போ எட்டரை இல்ல, ஆறு மணிதான். இன்னும் வண்டிதான் ஓட்டிட்டிருப்பாவ” என்றேன்.

ஆச்சி தட்டை மூடி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து பதினோரு மணிக்குத்தான் சாப்பாடு. “அவன் சாப்பிடுத நேரத்துக்கு நானும் சாப்பிடுதேன்.” அம்மாவுக்கு என் மேல்தான் கோபம். “ஒன்ன யாருல உருண்டையப் பாக்கச் சொன்னா?”

அப்பா ஊருக்கு வந்தால் நாற்பது நாள், அறுபது நாள். சட்டைப்பையில் அந்த ஊர் அடையாள அட்டை இருக்கும், ‘பத்தாக்கா’ என்பார். ஆச்சி அதை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். எனக்கு வாத்து ஞாபகம் வரும். இப்போது சிரிக்காமல் இருக்கிறீர்களே, நன்றி.

மறு வருஷமும் தை மாதம் வந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. குளத்துக்குப் போய்விட்டு வந்து ஆச்சியிடம் சொன்னேன்: “ஆச்சி, வாத்துக்கூட்டம் வந்துட்டு.”

ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “அது எந்த வழியா வருது? குவைத்து வழியாவா?”

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். எனக்கு வழி தெரியும். எச்சில் தொட்டு ஒட்டினவன், நசுங்கினதை நெம்பினபோது கூட நின்றவன். ஆனாலும், “ஆமா ஆச்சி, அந்த வழியாத்தான்” என்றேன்.

பூகோளப்படி அது தப்பு. வேண்டுமானால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.