ஜாரைக் கொன்ற குண்டு யாரை விடுவித்தது?

[திரையில்: பீட்டர்ஸ்பர்க் நகர வரைபடம், 1881]

1881 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. ரஷ்யாவின் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் அன்று காலை ஒரு திட்டத்துக்குச் சம்மதம் சொன்னார். சட்டங்களைத் தயாரிக்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஆலோசனை கேட்கலாம் என்பதுதான் திட்டம். அதை நாடாளுமன்றம் என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ரஷ்யா அதுவரை பார்க்காத ஒன்று. மார்ச் 4ஆம் தேதி அமைச்சர்கள் கூடி அதைப் பேசுவதாக இருந்தது.

அன்று மதியமே ஜார் குண்டு வீசிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததும் மக்கள் பிரதிநிதிகள் கூடும் ஒரு சபையைத்தான்.

விதி என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. விடுதலைக்காகத் துப்பாக்கி எடுத்த நல்ல மனசுக்காரர்கள், நாற்பதே வருடத்தில் நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள், அரசாங்கம் அதற்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முன்கூட்டியே ஒன்று. நான் சொல்லும் தேதிகள் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி. 1918 தொடக்கம் வரை ரஷ்யா அதைத்தான் வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது நம்முடையதைவிட 12 நாள் பின்னால் ஓடியது.

[திரையில்: ரஷ்யக் கிராமம், வண்டிப் பாதை]

இதே ஜார்தான் 1861இல் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்தவர். ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. கையில் கிடைத்த நிலத்துக்கு விவசாயிகள் 49 வருடம் தவணை கட்ட வேண்டும் என்றார்கள். படித்த இளைஞர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1874 கோடையில் மாணவர்களும் மாணவிகளும் ஆயிரக்கணக்கில் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். செருப்புத் தைக்கவும் தச்சு வேலை செய்யவும் கற்றுக்கொண்டு, விவசாயிகள் மாதிரியே உடுத்திக்கொண்டு போனார்கள். விவசாயிகள் இவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ஜார் நல்லவர், நடுவில் இருக்கும் அதிகாரிகள்தான் கெட்டவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சில இடங்களில் அவர்களே இந்தப் பிள்ளைகளைப் பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள்.

இந்த இளைஞர்கள் இதுவரை யாரையும் சுடவில்லை, பேசினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே வருடக்கணக்கில் சிறை. விசாரணை தொடங்கும் முன்பே சிலர் சிறையில் செத்தார்கள், சிலருக்குப் புத்தி பேதலித்தது. கடைசியில் 193 பேர் மீது வழக்கு நடந்தது. பெரும்பாலோரை நீதிமன்றம் விட்டுவிட்டது. அரசு விடவில்லை. விடுதலையானவர்களில் பலரை, தீர்ப்பு எதுவும் இல்லாமல், வெறும் உத்தரவு போட்டுத் தொலைதூர மாகாணங்களுக்குத் துரத்தியது.

அந்த 193 பேரில் இரண்டு பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: சோஃபியா பெரோவ்ஸ்கயா, ஆந்திரேய் ஜெல்யாபோவ். இரண்டு பேருமே நிரபராதி என்று விடப்பட்டவர்கள். மூன்று வருடம் கழித்து ஜாரைக் கொல்லும் திட்டத்தை நடத்தியவர்கள் இவர்கள்தான். கிராமத்துக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பதே ராஜத்துரோகம் என்று ஓர் அரசு முடிவு செய்துவிட்டால், பாடம் சொல்லப் போனவருக்கும் குண்டு எடுத்தவருக்கும் ஒரே தண்டனைதான். அப்புறம் குண்டு எடுக்காமல் இருப்பதால் என்ன லாபம் என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

[திரையில்: நீதிமன்றக் கூடம்]

1877இல் பீட்டர்ஸ்பர்க் சிறையில் ஒரு கைதி, தன்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றவில்லை என்பதற்காக, நகர ஆளுநர் திரேப்போவ் அவரைக் கசையால் அடிக்கச் சொன்னார். 1878 ஜனவரியில் வேரா சசூலிச் என்ற இளம்பெண் மனு கொடுக்கிற மாதிரி திரேப்போவின் அலுவலகத்துக்குப் போய் அவரைச் சுட்டார். அடிபட்ட கைதியை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. திரேப்போவ் பிழைத்துக்கொண்டார். மார்ச்சில் வழக்கு. சசூலிச் சுட்டதை மறுக்கவே இல்லை. ஆனாலும் ஜூரி அவரை விடுதலை செய்தது! கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். அவர்களில் பெரிய பதவிக்காரர்களும் இருந்தார்கள்.

என் பார்வையில், கதை திரும்பும் இடம் இந்தக் கைதட்டல்தான். அதிலிருந்து இரண்டு தரப்பும் தப்பான பாடத்தை எடுத்துக்கொண்டன. துப்பாக்கிக்கு ஊர் ஆதரவு இருக்கிறது என்று இளைஞர்கள் நினைத்தார்கள். ஜூரியை நம்பினால் ஆகாது என்று அரசு முடிவு செய்து இத்தகைய வழக்குகளை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. ஆகஸ்டில் ரகசியப் போலீசின் தலைவர் மெசென்த்சோவ் நடுத்தெருவில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். உடனே ராணுவ நீதிமன்றங்கள் வந்தன, தூக்குகள் வந்தன, அந்தத் தூக்குகளுக்குப் பழிவாங்க அடுத்த கொலைகள் வந்தன. சசூலிச் மட்டும் பின்னாளில் இந்தப் பாதை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்துக் கிளம்பியவர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

1879இல் இயக்கம் இரண்டாக உடைந்தது. கொலை வழியில் போனால் அடக்குமுறைதான் கூடும், மக்களிடம் செய்யும் வேலை அழிந்துவிடும் என்று வாதாடிய பிளெகானோவ் வெளியேறினார். மிச்சம் இருந்தவர்கள் நரோத்னயா வோல்யா, அதாவது 'மக்கள் விருப்பம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் அதன் செயற்குழு ஜாருக்கு மரண தண்டனை விதித்தது. மக்கள் விருப்பம் என்ன என்று இங்கே எந்த மக்களிடமும் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் வேட்டை. நவம்பரில் மாஸ்கோ அருகே தண்டவாளத்துக்கு அடியில் வெடி வைத்தார்கள். வெடித்தது வேறு ரயில். 1880 பிப்ரவரியில் ஸ்தெபான் ஹல்தூரின் என்ற தச்சர் குளிர்கால அரண்மனைக்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக டைனமைட்டைக் கடத்திச் சேர்த்து, சாப்பாட்டு அறைக்குக் கீழே வெடிக்க வைத்தார். விருந்தாளி வரத் தாமதமானதால் ஜார் இன்னும் மேஜைக்கு வரவில்லை. நடுவில் இருந்த காவல் அறையில் 11 பேர் செத்தார்கள், ஐம்பது பேர் வரை காயம். இறந்தவர்கள் காவல் படை வீரர்கள். ரஷ்யப் படையின் பெரும்பகுதியே விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். யாருக்காக இந்தப் போராட்டமோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

[திரையில்: கால்வாய்க் கரை, பனி]

மார்ச் 1க்கு வருவோம். ஜெல்யாபோவ் இரண்டு நாள் முன்பே பிடிபட்டுவிட்டார். பெரோவ்ஸ்கயா பொறுப்பை எடுத்துக்கொண்டார். இவருடைய அப்பா ஒரு காலத்தில் பீட்டர்ஸ்பர்க்கின் ஆளுநர். பாலாடைக்கட்டிக் கடை என்ற பெயரில் ஒரு கடையை எடுத்து, அங்கிருந்து சாலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்திருந்தார்கள். ஜார் அந்தச் சாலையில் வரவில்லை. பெரோவ்ஸ்கயா கைக்குட்டையை அசைத்தார், குண்டுக்காரர்கள் கத்தரீன் கால்வாய்ப் பக்கம் இடம் மாறினார்கள். ரீசகோவ் வீசிய முதல் குண்டில் ஒரு கொசாக்கு வீரரும் வழியில் போன ஒரு சிறுவனும் அடிபட்டுப் பிறகு இறந்தார்கள். ஜாருக்குக் காயமில்லை. வண்டியை விட்டு இறங்கி அடிபட்டவர்களைப் பார்க்கப் போனவர் மீது கிரினெவீட்ஸ்கி இரண்டாவது குண்டை வீசினார். சில மணி நேரத்தில் ஜாரும் இறந்தார், வீசியவரும் இறந்தார்.

செயற்குழு பத்து நாளில் புது ஜார் மூன்றாம் அலெக்சாந்தருக்குக் கடிதம் எழுதியது. அரசியல் கைதிகளுக்குப் பொது மன்னிப்பு கொடுங்கள், மக்கள் பிரதிநிதிகளின் சபையைக் கூட்டுங்கள், நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். எதிர்பார்த்த எழுச்சி எந்தக் கிராமத்திலும் வரவில்லை. ஏப்ரல் 3ஆம் தேதி பெரோவ்ஸ்கயா, ஜெல்யாபோவ் உட்பட ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். அப்பா காலையில் ஒப்புக்கொண்ட திட்டம் மகனின் கையில் குப்பைக்குப் போனது. சீர்திருத்தம் பேசிய அமைச்சர் லோரிஸ்-மெலிகோவ் பதவி விலகினார். சீர்திருத்தமே பாவம் என்று நினைத்த, புது ஜாரின் ஆலோசகர் பொபெதோனோஸ்த்செவின் கை ஓங்கியது. ஆகஸ்டில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. வழக்கு இல்லாமல் நாடுகடத்தலாம், பத்திரிகையை மூடலாம், கூட்டத்தைத் தடுக்கலாம். மூன்று வருடத்துக்கு என்று சொன்னார்கள். புதுப்பித்துப் புதுப்பித்து 1917 வரை ஓட்டினார்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் வேகமாகத் தாண்டிப் போவார்கள். பிடிபட்டவர்களில் கெஸ்யா கெல்ஃப்மான் என்ற யூதப் பெண் ஒருவர் இருந்தார். ஜாரைக் கொன்றது யூதர்கள் என்ற வதந்தி கிளம்பியது. ஏப்ரலில் எலிசவெத்கிராத்தில் தொடங்கிய கலவரம் தெற்கு ரஷ்யப் பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. விடுதலை பேசிய அமைப்பு அப்போது என்ன செய்தது? ஆகஸ்ட் 30 தேதியிட்டு, செயற்குழுவின் பெயரில், யூதர்களைத் தாக்குவதை மக்கள் எழுச்சி என்று வரவேற்று ஒரு துண்டறிக்கை வந்தது. அமைப்பில் எல்லோரும் அதை ஏற்கவில்லை, சரி. ஆனால் வந்தது.

பதினோரு நாள் கழித்து, அதே செயற்குழு அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் கொலையைக் கண்டித்து அறிக்கை விட்டது. சுதந்திரமாகத் தேர்தல் நடக்கும் நாட்டில் அரசியல் கொலை என்பது தாங்கள் எதிர்க்கும் அதே சர்வாதிகாரம்தான் என்பது அதன் சாரம். தெளிவான, அருமையான சிந்தனை. ஒரே பெயரில், ஒரே மாதத்துக்குள், அந்தத் துண்டறிக்கையும் இந்த அறிக்கையும். நல்லவர்களா கெட்டவர்களா என்று தீர்ப்புச் சொல்ல வருபவர்கள் இந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

1887இல், அதே மார்ச் 1ஆம் தேதி, மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்லப் போன மாணவர்கள் பிடிபட்டார்கள். தூக்கிலிடப்பட்ட ஐந்து பேரில் ஒருவர் அலெக்சாந்தர் உல்யானோவ், வயது 21. அவருடைய தம்பிக்கு அப்போது 17. அந்தத் தம்பிதான் லெனின். பிற்காலத்தில் லெனின் தனிநபர் கொலைகளை எதிர்த்தார் என்பார்கள். உண்மைதான். அதற்குக் காரணம் இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அது பலன் தராது என்பதுதான் அவருடைய கணக்கு.

[திரையில்: குதிரை வண்டி, 1905]

அடுத்த தலைமுறை, சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியின் 'போர் அமைப்பு', அதாவது கொலைகளுக்கென்றே இருந்த ரகசியப் பிரிவு. 1905 பிப்ரவரி 2, மாஸ்கோ. அப்போதைய ஜார் இரண்டாம் நிக்கோலாயின் சித்தப்பா இளவரசர் செர்கேயின் வண்டியை நோக்கிக் குண்டோடு ஓடிய கல்யாயேவ், உள்ளே குழந்தைகள் இருப்பதைப் பார்த்து வீசாமல் திரும்பினார். கட்சித் தோழர்கள் அவர் செய்தது சரி என்றார்கள். இரண்டு நாள் கழித்து, செர்கே தனியாக வந்தபோது வீசிக் கொன்றார்.

ஒன்றரை வருடம்தான் போனது. 1906 ஆகஸ்ட் 12, பிரதமர் ஸ்தொலிப்பின் வீட்டில் மனு கொடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவே மூன்று பேர் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். அங்கேயே இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பிரதமரின் மகளுக்கும் மகனுக்கும் காயம். பிரதமர் பிழைத்தார். செய்தவர்கள், தாய்க்கட்சி மிதவாதமாகிவிட்டது என்று பிரிந்துபோன மாக்சிமலிஸ்டுகள். குழந்தை இருக்கிறதா என்று பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் நடுவில் இவ்வளவு குறைந்த தூரம்தான். ஒரே வாரத்தில் அரசும் பதில் சொன்னது. ராணுவக் களநீதிமன்றங்கள், மூடிய அறையில் இரண்டு நாளில் விசாரணை, ஒரு நாளில் தூக்கு. எட்டு மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

இதெல்லாம் நடந்த காலத்தில் போர் அமைப்பின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? யெவ்னோ அசெஃப். ரகசியப் போலீசின் சம்பளப் பட்டியலில் இருந்த ஆள். 1904இல் உள்துறை அமைச்சர் பிளேவேயைக் கொல்லத் திட்டமிட்டதும் இவர்தான், தோழர்களைக் காட்டிக்கொடுத்ததும் இவர்தான். 1908இல்தான் குட்டு உடைந்தது. உளவாளிக்கு வேலை நிலைக்க வேண்டுமென்றால் சதி நடந்துகொண்டே இருக்க வேண்டும். போலீசுக்கும் அப்படித்தான். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிளேவே செத்த பிறகு கொஞ்சம் மென்மையான அமைச்சர் வந்தார், பத்திரிகைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. குண்டுகளால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ரஷ்யாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையை, தூமாவை, வாங்கிக் கொடுத்தது 1905 அக்டோபர் பொதுவேலைநிறுத்தம். ரயில்கள் நின்றன, ஆலைகள் நின்றன, மின்சாரம் நின்றது, ஜார் இறங்கி வந்தார். லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு மாதத்தின் பலன் அது.

[திரையில்: தவுரீதா அரண்மனை, 1918]

1881 கடிதத்தில் கேட்ட அந்த மக்கள் பிரதிநிதிகளின் சபை என்ன ஆயிற்று? 1918 ஜனவரி 5ஆம் தேதி கடைசியில் கூடியது. நாடு முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை, அதில் அதிக இடம் சோஷலிஸ்ட் புரட்சியாளர்களுக்கு. மறுநாள் உறுப்பினர்கள் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. கலைத்தவர்கள் ஜாரின் ஆட்கள் இல்லை, 1917 புரட்சியில் ஆட்சியைப் பிடித்த லெனினின் கட்சிக்காரர்கள், போல்ஷெவிக்குகள்.

அதே 1918 ஆகஸ்ட் 30ஆம் தேதி, இது புது நாட்காட்டி, பெத்ரோகிராதில், அதாவது பெயர் மாறிய பீட்டர்ஸ்பர்க்கில், அந்நகரச் செகாவின் (போல்ஷெவிக்குகளின் ரகசியப் போலீஸ்) தலைவர் உரீத்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே மாஸ்கோவில் லெனின் மீது துப்பாக்கிச் சூடு. ஃபான்னி கப்லான் என்ற பெண்ணைப் பிடித்து, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலேயே சுட்டார்கள். ஜார் காலத்தில் குண்டு வழக்கில் பிடிபட்டு வருடக்கணக்கில் கடுங்காவலில் இருந்தவர் அவர். செப்டம்பர் 5ஆம் தேதி 'செம்பயங்கரம்' அரசின் அதிகாரபூர்வ ஆணையாகவே வந்தது. ஒரு காலத்தில் ரகசிய அறையில் உட்கார்ந்து எதிரிக்கு மரண தண்டனை எழுதியதைப் போலவே இப்போதும் எழுதினார்கள். இந்த முறை கையில் ஓர் அரசாங்கமே இருந்தது.

மரியா ஸ்பிரிதோனோவா 1906இல் தம்போவில் விவசாயிகளைக் கொடுமைப்படுத்திய அதிகாரியைச் சுட்டவர். ஜார் அரசு தூக்கைக் குறைத்து அவரை சைபீரியாவுக்கு அனுப்பியது. சோவியத் அரசு திரும்பத் திரும்ப நாடுகடத்தியும் சிறையில் வைத்தும், 1941இல் ஒரியோல் நகருக்கு அருகே ஒரு காட்டில் சுட்டுக் கொன்றது.

பாரிசில் 1890களில் அனார்க்கிஸ்டுகள் காபிக் கடையிலேயே குண்டு வீசிய கதையை இதோடு சேர்க்கவில்லை. அங்கே அரசு, மக்கள், வாக்குரிமை எல்லாமே வேறு மாதிரி. அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.