விலை இறங்கிய கார், இறங்காத செலவு

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூரில் 26 ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்தி வருகிறேன். பழைய சொகுசுக் கார் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன். அந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதனால் சேமிப்பை இழந்து நிற்பவர்களை மாதம் ஒருவரையாவது பார்க்கிறேன். அந்த வருத்தம்தான் என்னைப் பேச வைக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, பட்டறைக் கதவைத் திறக்கும்போதே வாசலில் லாரி நின்றது. அதன் மேல் கறுப்பு நிறத்தில் பத்து வயதான ஜெர்மன் கார். புதிதாக வந்தபோது அதன் விலை 80 லட்சத்துக்கு மேல். திருப்பூரில் சிறிய தையல் யூனிட் வைத்திருக்கும் ஓர் இளைஞர் அதை ஒன்பதரை லட்சத்துக்கு வாங்கியிருந்தார். தங்கையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் அந்தக் கார்தான் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். வண்டியோ இடது பின்சக்கரத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை.

“அண்ணா, ராத்திரி நிறுத்தும்போது நேராகத்தான் நின்றது” என்றார்.

இத்தகைய கார்கள் பலவற்றில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பை இருக்கும். மேடு பள்ளம் தெரியாமல் போவதற்குக் காரணம் அதுதான். வண்டியை ஏற்றிவைத்துச் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். ரப்பர் மடிந்து விரியும் இடத்தில் கடுகு அளவில் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. அந்த மடிப்பில்தான் வெடிப்பு விழும். விழுந்த நாளிலேயே வண்டி படுத்துவிடாது. கசிகிற காற்றை ஈடு செய்யக் கம்ப்ரசர் அடிக்கடி ஓடும். சிறிது நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கம்ப்ரசர் ஓடி ஓடிச் சூடாகி, கடைசியில் எரிந்துபோகும். இவருடைய வண்டியிலும் அதுவே நடந்திருந்தது. பின்பக்கப் பைகள் இரண்டு, கம்ப்ரசர் ஒன்று, கூலி எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய். கார் வாங்கிய விலையில் கால் பங்கு. எழுதிக் கொடுத்த தாளை அவர் மடிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. கையில் பிடித்தபடியே நின்றார்.

வயது ஏற ஏறக் காரின் விலை இறங்கும். உதிரிபாகத்தின் விலை அப்படி இறங்காது. ஒன்பது லட்சத்துக்குக் கார் வாங்கினாலும், பழுது பார்ப்பது 80 லட்சம் ரூபாய்க் காரைத்தான். தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

இது ஒரு வண்டியின் துரதிர்ஷ்டம் அல்ல. 1998இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காற்றுப் பைகளின் மேல்தான் நின்றது. வயதான பிறகு அந்தப் பைகளே அதன் பலவீனம் ஆயின. 2002இல் வந்த அதே நிறுவனத்தின் ஈ கிளாஸில் மின்னணுப் பிரேக் வைத்தார்கள். பிரேக் எத்தனை முறை மிதிக்கப்படுகிறது என்பதை அந்த அமைப்பே எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் மாற்றச் சொல்லி எச்சரிக்கை வரும். 2004இல் இந்தப் பிரேக்குக்காக 6,80,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2006இல் ஈ கிளாஸைப் புதுப்பித்தபோது பழைய வகைப் பிரேக்குக்கே திரும்பிவிட்டார்கள்.

பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் 2001 முதல் வந்த வி8 எஞ்சினில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. சிலிண்டர்களின் இரு வரிசைகளுக்கும் நடுவில், பள்ளத்தாக்கில் ஓடும் வாய்க்கால் போல அது போகும். அதன் முன்முனையில் உள்ள ரப்பர் சீல், ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டு இறுகிப்போகும். பிறகு எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசியத் தொடங்கும். குழாயின் விலை பெரிதல்ல. ஆனால் முறைப்படி மாற்றுவதானால் எஞ்சினின் முன்பக்க மூடி வரைக்கும் கழற்ற வேண்டும். நாள்கணக்கில் வேலை, அதற்கேற்ற கூலி. பழைய குழாயை அறுத்து எடுத்துவிட்டு நீட்டிச் சுருக்கக்கூடிய மாற்றுக் குழாயைப் பொருத்தும் வழியைப் பிறகு வெளிப்பட்டறைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அந்த மூளைக்கு நான் தலைவணங்குகிறேன்.

சொகுசு என்றாலே பழுது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு லெக்ஸஸ் எல்.எஸ். 400 ஒன்று 2019இல் பத்து லட்சம் மைலைத் தாண்டியது. நம் கணக்கில் 16 லட்சம் கிலோமீட்டர். எந்தக் கார், எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். பல கார்களில் கியர் பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்பார்கள். அத்தகைய கியர் பாக்ஸ்கள் பலவற்றைச் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் கியர் பாக்ஸ் செய்தவர் பேச்சைத்தான் கேட்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் சொல்லாமல் விட முடியாது. சென்னையில் முழுகிய கார்கள் பிறகு ஏலத்தில் போயின. சொகுசுக் கார்கள் பலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் தரைவிரிப்புக்கும் இருக்கைக்கும் அடியில் இருக்கும். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அங்கே புகுந்த சேறு போகாது. இருக்கையின் கீழே இருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரிகிறதா பாருங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது, விடியற்காலையில், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் போய் நில்லுங்கள். வண்டி சமமாக நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கிளப்பிவிட்டால் கம்ப்ரசர் தூக்கிவிடும். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் அந்தக் கார் இப்போது வேண்டாம்.

திருப்பூர்த் தம்பி கல்யாணத்துக்கு வாடகைக் காரில்தான் போனார். நகைக் கடன் வாங்கித்தான் பிறகு வேலையை முடித்தார். வண்டியை எடுக்க வந்தபோது, தன் நண்பர் ஒருவர் இதே மாதிரிக் காருக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகத் தம்பி சொன்னார். “நாளைக் காலை ஆறு மணிக்கு வர முடியுமா அண்ணா?” என்று கேட்டார். ஐந்தரைக்கே போய்விட்டேன். கார் முன்பக்கம் குனிந்து நின்றது.