44 ஆண்டு தாமதமாக வந்த பதக்கம்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கடற்படையின் ஜோசப் ரோஷ்ஃபோர்ட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உளவு அதிகாரி என்றதும் மாறுவேடம், துப்பாக்கி என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில், ஹவாயின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் ஒரு நிலவறைதான் இவருடைய போர்க்களம். உள்ளே குளிர் தாங்காது. சீருடைக்கு மேல் ஒரு மேலங்கி, காலில் வீட்டுச் செருப்பு. அந்தக் கோலத்தில் இரவும் பகலும் ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளைத் துண்டு துண்டாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

1942 மே மாதம். ‘ஏ எஃப்’ என்ற இடத்தை ஜப்பானியர்கள் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அது பசிபிக் கடலில் அமெரிக்கத் தளம் இருந்த மிட்வே தீவு என்றார் ரோஷ்ஃபோர்ட். வாஷிங்டன் ஒப்பவில்லை. சரி, எதிரியின் வாயாலேயே வரவழைப்போம் என்று முடிவானது. யோசனை, உடன் வேலை பார்த்த ஜாஸ்பர் ஹோம்ஸுடையது. ‘குடிநீர் வடிக்கும் இயந்திரம் பழுது என்று சங்கேதம் இல்லாமல் வானொலியில் சொல்லுங்கள்’ என மிட்வேக்கு உத்தரவு போனது. போனது கடலடி கேபிள் வழியாக. அதை எதிரி கேட்க முடியாது. வானொலியைக் கேட்காமல் இருக்க மாட்டான். ‘ஏ எஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு’ என்று ஜப்பானியச் சங்கேதத்தில் செய்தி பறந்தது. ஏ எஃப் என்றால் மிட்வேதான் என்று உறுதியானது.

ஜூன் 4 அன்று பசிபிக் தளபதி நிமிட்ஸின் கப்பல்கள் அங்கே காத்திருந்தன. அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை ஜப்பான் இழந்தது. உயிரைக் கொடுத்த விமானிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களைச் சரியான இடத்துக்கு, சரியான நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த நிலவறை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மனம் ஆறவில்லை. சிறப்புமிகு சேவைப் பதக்கத்துக்கு ரோஷ்ஃபோர்ட்டை நிமிட்ஸ் பரிந்துரைத்தார். தப்பாகக் கணித்த வாஷிங்டன் அதிகாரிகள் வெற்றியைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். தலைமைத் தளபதி கிங் பரிந்துரையை மறுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ரோஷ்ஃபோர்ட் ஹவாயிலிருந்தே மாற்றப்பட்டார். பிறகு அவரிடம் ஒப்படைத்தது, கப்பல் பழுதுபார்க்கும் ஒரு மிதவைத் தளத்தை! ஜப்பானிய மொழி, சங்கேதம் இரண்டும் கைவந்த ஒரு மனிதருக்கு, போர் நடந்துகொண்டிருக்கும்போதே. 1958இல் நிமிட்ஸ் மறுபடி எழுதியும் பலனில்லை. 1976இல் ரோஷ்ஃபோர்ட் காலமானார்.

பதக்கம் அவர் கேட்டதல்ல. அதனால் தொல்லைதான் வரும் என்று முதலிலேயே சொன்னவர். கேட்டது அவருடைய ஆட்கள். அந்த நிலவறையில் இளம் அதிகாரியாக இருந்த டொனால்ட் ஷவர்ஸ், ரியர் அட்மிரலாகி ஓய்வுபெற்ற பின்னும் இதை விடவில்லை. 1985இல் கடற்படைச் செயலர் ஜான் லேமன் ஒப்புதல் தந்தார். 1986 மே மாதம் ஜனாதிபதி ரீகன் அந்தப் பதக்கத்தை ரோஷ்ஃபோர்ட்டின் பிள்ளைகளிடம் வெள்ளை மாளிகையில் வழங்கினார்.