லைன்மேன் பையில் கடலக்காய்

வணக்கமுங்க.

31 வருசம் கம்பம் ஏறி இறங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும், காத்தடித்த ராத்திரியில் என் ஃபோன் ஓயாது. "ஏனுங்ண்ணா, கரண்ட் எப்ப வருமுங்?"

துணைமின்நிலையம் சரியானால்தான் 11 ஆயிரம் வோல்ட் லைன். அது சரியானால்தான் டிரான்ஸ்பார்மர். அதற்கப்புறம்தான் தெருக்கம்பி. ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணீர் மோட்டாருக்கும் முதல் கவனிப்பு. நாலு தென்னந்தோப்பு தாண்டி ஒற்றைச் சாளையாக, அதாவது தனித் தோட்டத்து வீட்டில், குடியிருப்பவர்களுக்குக் கடைசி. வைகாசியில் கோபி, சத்தி பக்கம் வாழையைச் சாய்க்கிற சூறைக்காற்றோ, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து பொள்ளாச்சி, உடுமலைக்கு வருகிற ஆடிக்காற்றோ, எதுவானாலும் வரிசை இதுதான். சாளைக்காரர்கள் பிரிட்ஜ் இல்லாமல் நிற்கிற சாப்பாட்டை மூன்று நாளைக்குக் கணக்குப் போட்டு வையுங்கள். வீட்டில் சுகர்க்காரர் இருந்தால் கட்டாயம், அதுவும் மாவுச்சத்து குறைந்ததாக.

ஏன் சொல்கிறேனென்றால், நான் பட்டவன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. கொங்குப் பக்கத்திலிருந்து நாங்களும் கயிறும் கடப்பாரையுமாக லாரி ஏறினோம். கல்யாண மண்டபத்தில் தங்கல். காலையில் பொங்கல், மத்தியானம் சாம்பார் சாதம், ராத்திரி உப்புமா. வீட்டை இழந்து நின்ற சனம் ஆக்கிப் போட்ட சோறு, குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் எனக்கு அப்போதே சுகர் வந்து எட்டு வருசம். நாலாம் நாள் சுகர் மீட்டரில் 342. கம்பத்து உச்சியில் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கூட வந்த காங்கேயத்துக்காரர் ஒருவர் தன் பையைப் பிரித்தார். தோலோடு கடலக்காய் (வேர்க்கடலை) ரெண்டு படி. ரெண்டு கொப்பரை. பழைய பேப்பரில் சுற்றிய உப்புக்கண்டம். நோம்பிக்கு அடித்த கிடாய்க்கறி. உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைத்தது. கல்லு மாதிரி இருந்தது. சமையல்காரரிடம் அடுப்பை வாங்கி, சுடுதண்ணியில் ஊறவைத்து, ரெண்டு தடவை அலசிவிட்டு, அம்மியில் தட்டிக் கடலெண்ணெயில் வதக்கினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து ஒரு கரண்டி சோறு, மீதி அந்தப் பைச்சரக்கு என்று ஓட்டினேன்.

கரண்ட் போன வீட்டில் கைக்கு வருவது என்ன? ரஸ்க், பன், அவல், ரவை. அத்தனையும் சுகரை ஏற்றுகிற மாவுச்சத்து. மாவுச்சத்து குறைந்த முட்டையும் மீனும் பன்னீரும் பிரிட்ஜுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். இட்லி மாவு பொங்கித் தட்டில் வழியும், அது வேறு.

முட்டையிலிருந்து தொடங்குகிறேன், நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறதே. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து 1 கிராம்கூட இல்லை. பிரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்தால் ஓடு வேர்க்கும், சீக்கிரம் கெடும். காற்றுக்காலம் வந்தால் ஒரு டஜனைத் தனியாக வாங்கி, கழுவாமல், நிழலில் வையுங்கள். ஒரு வாரம் நிற்கும். சந்தேகமானால் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் கொட்டிவிடலாம். மொத்தமாக அவித்து வைக்காதீர்கள். அவித்தது பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெடும்.

கடலக்காயைத் தோலோடு வைத்தால் நிற்கும். பூசணம் பிடித்த வாசம் வந்தால் மாட்டுக்குக்கூடப் போடாதீர்கள், அது விஷம். மீல்மேக்கரைச் சுடுதண்ணியில் போட்டால் கறி மாதிரி ஆகும். எள்ளுப்பொடியை மிக்ஸி ஓடும்போதே அரைத்து வையுங்கள். வெட்டாத வெள்ளைப்பூசணி மாதக்கணக்கில் கெடாது. திருஷ்டிக்குக் கட்டுகிறோமே, அதில் ஒன்று குழம்புக்கும் இருக்கட்டும். சுண்டைக்காய் வத்தல், கருவாடு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பை அலசித் தின்னுங்கள்.

ஒரு சண்டையும் போட்டுவிடுகிறேன். கம்பு, ராகி தின்றால் சுகர் ஏறாது என்று என் சம்சாரமே சொல்வாள். 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துங்க. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிறோம், அதிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். நார் இருப்பதால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். பொட்டுக்கடலையும் அந்தக் கூட்டம். அளவாகத் தின்னலாம், அள்ளித் தின்ன முடியாது.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையையும் ஊசியையும் பழைய அளவிலேயே போட்டால் சுகர் மளமளவென்று இறங்கலாம். கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும். மருந்து அளவை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒரு டப்பா டார்ச்லைட் பக்கத்திலேயே இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் உடனே வாயில் போடுங்கள். பிரித்த இன்சுலின், 30 டிகிரி தாண்டாத இடத்தில் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும். ஈர மணலில் மண்கலயம் பதித்து, தண்ணி படாமல் டப்பாவில் மூடி உள்ளே வையுங்கள்.

கீரையைச் சேமிக்க வேண்டியதில்லை. காற்றடித்தால் முதலில் ஒடிவது முருங்கை. லைன் மேல் சாய்ந்த கிளையை அறுத்து ரோட்டோரம் போட்டுவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் ஒரு இலை இருக்காது, வெறும் குச்சிதான் கிடக்கும். கரண்ட் கொடுக்கிறதுக்குள்ளே நாலு வீட்டில் கீரை வதங்குகிற வாசம் வரும்.

வணக்கமுங்க.