பொம்மைத் தலைக்கே என் ஓட்டு

தலைப்பு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எந்த அணி ஜெயிக்கும் என்று வாராவாரம் ஆரூடம் சொல்வதற்குச் சுவை சேர்ப்பது கணக்கா, குறும்பா? குறும்பு அணியின் உரை.

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணி நண்பர் யார்டு கணக்கு (பந்தோடு ஒவ்வொரு அணியும் முன்னேறிய தூரம்), தரவரிசை எல்லாம் அடுக்கிவிட்டு, "உங்களுடையது கிளி ஜோசியம்" என்று சொல்லி உட்கார்ந்தார். கிளியை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. கிளி ஒரு சீட்டுதான் எடுக்கும். எடுத்த பிறகு மாற்றாது. வாராந்தர ஆரூடத்தில் முதல் விதியே அதுதான். வியாழக்கிழமை ராத்திரியே சில ஆட்டங்கள் தொடங்கிவிடும். ஆகவே அந்த வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே மொத்தப் பட்டியலையும் பூட்டிவிட வேண்டும். பெரும்பாலான ஆட்டங்கள் நடக்கும் சனிக்கிழமை காலை வரை இழுத்தால் என்ன ஆகும்? பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குத் தோள்பட்டை வலி என்று செய்தி வரும், கணக்குப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிப்போய்ச் சீட்டை மாற்றுவார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பத்து ஆட்டம், பத்துக் கணிப்பு. மிக உறுதியான கணிப்புக்கு 10, அடுத்ததற்கு 9, கடைசிக்கு 1 என்று எண் போடுவார்கள். இதைக் கான்ஃபிடன்ஸ் பூல் என்பார்கள். கணிப்பு பலித்தால் அந்த எண்தான் உங்கள் புள்ளி. எல்லாம் பலித்தால் மொத்தம் 55. 2024 செப்டம்பர் 7-ஆம் தேதி வாரத்தில் கணக்கு அணி அந்தப் பத்தை எங்கே வைத்திருக்கும்? நாட்டர்டேமில்தான். தரவரிசையில் 5-ஆம் இடம், முந்தைய வாரம்தான் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் ஊருக்கே போய் 23-13 என்று சாய்த்த அணி, இப்போது சொந்த மைதானத்தில் ஆடுகிறது. எதிரே நார்தர்ன் இல்லினாய். 28 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கும் என்றார்கள். முடிவு நார்தர்ன் இல்லினாய் 16, நாட்டர்டேம் 14. பத்து புள்ளியும் போச்சு, இனி எதிரணிக்கு உச்சவரம்பு 45.

எங்கள் ஆள் அதே ஆட்டத்தில் நார்தர்ன் இல்லினாய்க்கு 1 போடுவார். பலிக்காவிட்டால் 54 வரை வழி இருக்கிறது. பலித்தால் அந்த வாரம் முழுக்க அவர் பேச்சுதான். ஆனால் ஒன்று, குறும்புக்கும் அளவு உண்டு. வாரத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. 1 முதல் 5 வரை ஐந்து இடத்திலும் விளையாட்டுக் காட்டினால் 15 புள்ளி பறிபோய் 40-இல் நிற்பீர்கள். படித்த கல்லூரி என்பதற்காக அதற்கு 10 போடுவதும் குறும்பில் சேராது. அது பாசம், பாசத்துக்கு மருந்தில்லை.

"நேரடி வெற்றியை விடுங்கள், ஸ்பிரெட் வைத்து ஆடிப்பாருங்கள்" என்றார் நண்பர். ஸ்பிரெட் என்றால், பலமான அணி இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே வைக்கும் கோடு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3, பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் டச் டவுனும் அதையொட்டிய உதையும் சேர்ந்தால் 7. அதனால் ஆட்டங்கள் 3, 7 வித்தியாசத்தில் அடிக்கடி முடியும். கோட்டை 3 என்று வைக்காமல் 3½ என்று வைத்தால் சரிசமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சரி, இந்தக் கோட்டைப் போடுகிறவர் யார்? நண்பர் புரட்டிய அதே யார்டு கணக்கை அவருக்கு முன்பே புரட்டியவர். இரு பக்கமும் ஏறக்குறைய பாதிப்பாதியாக நிற்கும்படிதான் கோடு விழுகிறது. அதன்மேல் மறுபடி அதே கணக்கைப் போடுவது அரைத்த மாவையே அரைப்பது.

கணக்கு கைவிடும் அந்த இடத்தில்தான் அணிகளின் சின்னங்கள் வருகின்றன. 2007 அக்டோபர் 6. ஸ்டான்ஃபோர்டு எதிர் தெற்குக் கலிபோர்னியா. தெற்குக் கலிபோர்னியா பக்கம் கோடு 41 புள்ளி! தெற்குக் கலிபோர்னியாக்காரர்கள் தங்களை டிராய் வீரர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஸ்டான்ஃபோர்டு வாத்தியக் குழுவின் சின்னமோ ஒரு மரம். டிராய்க்காரனுக்கு மரத்தால்தான் கேடு என்பது மரக்குதிரைக் காலத்துக் கதை ஐயா! ஸ்டான்ஃபோர்டு 24-23. இந்தக் காரணத்தைச் சொல்லி ஒருவர் 1 புள்ளி வைத்திருந்தால், கால்குலேட்டர்காரர் அவர் முகத்தில் எப்படி விழிப்பார்?

டை-பிரேக்கரையும் பார்த்துவிடுவோம். ஒரு ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து எத்தனை புள்ளி எடுக்கும் என்று எழுத வேண்டும். இருவர் சமமாக நின்றால், கிட்ட வந்தவருக்கு வாரம் சொந்தம். இதில் 24-21, 27-20 மாதிரி நடக்கக்கூடிய ஸ்கோரை எழுதிக் கூட்டுங்கள். குறும்புக்கும் கூட்டல் தெரிய வேண்டும். அப்படியும் 2022-இல் அயோவா, தெற்கு டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று வென்றது. ஏழு என்றதும் ஒரு டச் டவுன் என்றுதானே நினைப்பீர்கள்? டச் டவுனே கிடையாது. ஒரு ஃபீல்டு கோலுக்கு 3; பந்தோடு எதிரணியை அவர்கள் காக்கும் கடைசிக் கட்டத்துக்குள்ளேயே இரண்டு முறை மடக்கியதற்கு 2-ம் 2-ம். மொத்தம் பத்து. எந்த அட்டவணை ஐயா இதைச் சொல்லும்?

கடைசியாக லீ கோர்சோ. முன்னாள் பயிற்சியாளர், பிறகு தொலைக்காட்சியில் வாராவாரம் ஆரூடம் சொன்னவர், ஆட்ட நுணுக்கம் தெரியாதவர் அல்ல. 1996 அக்டோபர் 5 அன்று கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டின் சின்னமான புரூட்டஸின் பொம்மைத் தலையை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "இவர்கள்தான் ஜெயிப்பார்கள்" என்று தொலைக்காட்சியில் காட்டினார். 2025 ஆகஸ்ட் 30 வரை 431 முறை அப்படித் தலை மாட்டினார். கடைசி முறையும் அதே புரூட்டஸ். ஒஹாயோ ஸ்டேட் டெக்சஸை 14-7 என்று வென்றது. மொத்தக் கணக்கு 287 சரி, 144 தப்பு. மூன்றுக்கு இரண்டு. அந்த 144-க்காக யாராவது அவரைக் கோபித்தார்களா? அடுத்த வாரம் எந்தத் தலை என்றுதான் காத்திருந்தார்கள். எதிரணி நண்பரின் அட்டவணைக்காக யார் ஐயா காத்திருக்கிறார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே ஒரு வார்த்தை: எதிரணியின் இந்த வாரப் பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை. வியாழன் மாலையோடு பூட்டிவிடுவோம்.