ஏறுகிற மீனும் இறக்கிய ஷட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். நல்ல மழை பெய்து, கண்மாய் நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கில் தண்ணீர் விழ ஆரம்பித்தால், ஊரே பறியும் கொசுவலையுமாக அங்கே நிற்கும். "மீன் ஏறுதுப்பா!" என்பார்கள். கெண்டை, கெளுத்தி, அயிரை எல்லாம் வருகிற தண்ணீரை எதிர்த்து ஏறும். தண்ணீர் குளிர்ந்து, கலங்கி, வேகம் பிடித்ததும் சினைமீன் கிளம்பிவிடும். புல் மூழ்கிய கரையோரம், வயல் வாய்க்கால் போன்ற ஆழமில்லாத இடங்களில் முட்டையிடத்தான் இந்த ஓட்டம்.

வழியில் ஒரு ஷட்டர், அதாவது தண்ணீரை அடைக்கிற மதகுக் கதவு, நிற்கிறது. அதன் பின்னால் ஒரு மீட்டர் தண்ணீர் தேங்கியிருந்து, ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினால், அடியில் பீய்ச்சுகிற வேகம் விநாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். மீன் முழு மூச்சாகப் பாய்ந்தாலும் விநாடிக்குத் தன் உடம்பைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு தூரம்தான் போகும், அதுவும் சில விநாடிகளுக்கு. ஆறு சென்டிமீட்டர் அயிரைக்கு அது 60 சென்டிமீட்டர். ஒரு அடிக் கெண்டைக்கு மூன்று மீட்டர். எங்கே ஏறுவது?

துள்ளித் தாண்டாதா என்பீர்கள். துள்ளுவதற்குக் கீழே ஆழம் வேண்டும், தாண்டுகிற உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். தடுப்பணைகளின் கீழே சிமெண்டுத் தளம். கணுக்கால் அளவுத் தண்ணீர். தரையில் படுத்துக்கொண்டு யார் துள்ள முடியும்? செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. அணையின் ஒரு ஓரத்தில் பாறாங்கற்களை அடுக்கிச் சரிவு அமைப்பது. ஒரு மீட்டர் உயரத்துக்கு இருபது மீட்டர் நீளம். கற்களுக்கு நடுவே மீன் நின்று இளைப்பாறி ஏறும்.

ஏறிவிட்டால் போதுமா? சித்திரையில் அழகர் இறங்குவதற்காக வைகை அணையைத் திறப்பார்கள். காய்ந்த மணலில் தண்ணீர் பரவும், பள்ளங்களில் ஒடுங்கிக் கிடந்த மீன் அதோடு பரவும். சட்டென்று மூடினால் ஓரத்துக் குட்டைகளில் சிக்கிக்கொள்ளும், கொக்குக்குத்தான் விருந்து. முட்டை ஒரு நாளில் பொரிந்தாலும், குஞ்சு தானாக நீந்தி இரை தேட இன்னும் இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் தண்ணீர் வற்றினால் எல்லாம் புல்லோடு காய்ந்து போகும். ஆகவே மூடும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். திறப்பதைவிட மூடுவதில்தான் கவனம் வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், மூடுவதில்தான்.

அடுத்தது மூச்சு. மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது பிராணவாயு இருந்தால் நல்லது. 30 டிகிரிச் சூட்டில் சுத்தமான தண்ணீரே ஏழரைதான் பிடிக்கும். சாக்கடை தேங்கிய இடத்தில் முதல் வெள்ளம் அடிச் சேற்றைக் கலக்கிவிட்டால் அதுவும் போய்விடும். விடியற்காலையில் நிலைமை இன்னும் மோசம். முதலில் மிதப்பது கெண்டை. அயிரை தாக்குப்பிடிக்கும், மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலேயே மூச்சு விடும். நம் வீடுகளில் குழம்புக்கு முன்னால் தேங்காய்ப்பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கிறோமே, அதே அயிரை! ஆனால் அது புதைந்து கிடக்க மணல் வேண்டும். மணலை அள்ளிவிட்டால் அதற்கு வீடே இல்லை.

விலாங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. அது நேர்மாறு: கடலில் பிறந்து, ஆற்றில் ஏறி ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டுகூடக் குஞ்சு ஏறிவிடும். வைகைத் தண்ணீரோ ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது, மிஞ்சினால்தான் கடல். அப்படி மிஞ்சுகிற அடைமழை இரவுகளில்தான் வளர்ந்த விலாங்கு கீழே இறங்க முடியும். நேரமாகிவிட்டது, வணக்கம்.