கேட்டுக்கொண்டபடி எழுதுவோம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், பாளையங்கோட்டைப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பிற நாட்டுத் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பழகிய எழுத்தா, அந்த நாட்டார் கேட்கும் எழுத்தா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி உக்ரைன் தலைநகரை எடுத்துக்கொண்டார். "காலங்காலமா கே, ஐ, இ, வி-ன்னு எழுதியாச்சு, கியெவ்னு சொல்லியாச்சு. இப்ப எதுக்கு எழுத்தை மாத்திக் கீவ்ங்கணும்?" என்று கேட்டார்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது ஐயா? ஊர் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது, அப்புறம் சோவியத் ஒன்றியத்தின் கீழ். ஆங்கிலத்துக்கு அதன் பெயர் ரஷ்ய மொழி வழியாகத்தான் போனது. ஊர்க்காரர்களின் உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதையே 1876ல் ஜார் மன்னரின் ஆணை பெரும்பாலும் தடுத்துவிட்டது. அவர்கள் வாயைக் கட்டிப்போட்ட காலத்தில் நிலைத்த எழுத்தைப் பழக்கம் என்று சொல்லி இன்றும் அவர்கள் தலையில் சுமத்துவது என்ன நியாயம்?

1991ல் விடுதலை. 1995லேயே, ஆங்கிலத்தில் கே, ஒய், ஐ, வி என்று எழுதுங்கள் என்று முடிவெடுத்துவிட்டார்கள். உலகம் கேட்கவில்லை. 2018ல் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் இதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கி, பத்திரிகைகளையும் விமான நிலையங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டது. அசோசியேட்டட் பிரஸ், பிபிசி, நியூயார்க் டைம்ஸ் எல்லாம் 2019ல்தான் மாறின. சொந்த ஊர்ப் பெயருக்கு 24 வருடம் காத்திருந்திருக்கிறார்கள்.

இந்த வலி நம் சீமைக்குப் புதிதா? திருநெல்வேலி, ஆங்கிலத்தில் டின்னவெலியாகக் கிடந்தது. 1908ல் வ.உ.சி.யைக் கைது செய்ததும் இங்கே மூண்ட எழுச்சி, வெள்ளைக்காரன் ஏட்டில் 'டின்னவெலி கலகம்'. நம் நிலாவாரை இலை இன்றைக்கும் வெளிநாட்டுச் சந்தையில் 'டின்னவெலி சென்னா'. மெட்ராஸை 1996ல் சென்னை என்று மாற்றினோம். அதுவரை மெட்ராஸ் என்றே எழுதி வந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளும் மாற்றிக்கொண்டன. நாம் கேட்டபோது கிடைத்த மரியாதையை இன்னொருவர் கேட்கும்போது மறுக்கலாமா?

"அப்படியென்றால் மாஸ்கோவை மஸ்க்வா என்றும், வியன்னாவை வீன் என்றும், வார்சாவை வர்ஷாவா என்றும் எழுதுவீரா?" என்று அண்ணாச்சி மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் ஆஸ்திரிய அரசே ஆங்கிலத்தில் எழுதும்போது வியன்னா என்றுதான் எழுதுகிறது. ரஷ்யர்களும் மாஸ்கோ என்கிறார்கள், போலந்துக்காரர்களும் வார்சா என்கிறார்கள். மாற்றச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் மாற்றச் சொல்லவில்லை. உரியவர் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறாரோ அப்படி எழுதுங்கள் என்பதுதான் எங்கள் கட்சி.

உச்சரிப்பு வராதே என்றார்கள். வராவிட்டால் போகட்டும். தமிழின் ழகரம் எத்தனை வெளிநாட்டாருக்கு வருகிறது? நாக்கு முடிந்தவரை சொல்லட்டும். கைக்கு என்ன தடை?

2020ல் நம் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றிய ஆணையை அதே ஆண்டில் திரும்பப் பெற்றதையும் எங்களுக்கு எதிராகக் காட்டினார்கள். அந்த ஆணை எங்களுக்குத்தான் சாட்சி. தூத்துக்குடிக்கு ஏற்கெனவே மக்கள் எழுதி வந்த எழுத்து இருந்தது. யாரும் கேட்காமலேயே கூடுதலாக எழுத்துகளைச் செருகினார்கள், ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஊர்ப் பெயரில் கடைசிச் சொல் ஊர்க்காரருடையது என்றுதானே அதற்குப் பொருள்?

பழைய ஆவணத்தைத் திருத்தச் சொல்லவில்லை ஐயா. சென்னை உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ் உயர் நீதிமன்றம்தான். சட்டப்படியான பெயர், அது இருக்கட்டும். கோழிக்கறிப் பலகாரத்தை 'சிக்கன் கியெவ்' என்று ஓட்டல்காரர் பலகையில் எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை. இன்று எழுதும் செய்தி, இன்று அச்சிடும் பாடநூல், இன்று ஒட்டும் முகவரி, இவற்றைத்தான் கேட்கிறேன். பழைய அட்லஸை வைத்துக்கொண்டு, கே, ஒய், ஐ, வி என்று சரியாக எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், அந்த ஒரு மதிப்பெண்ணை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.